ஊர் நடுகல்லைக் காப்பது எப்படி: பதிவு முதல் அரசு அறிவிக்கை வரை

போரிலோ, மாட்டு மந்தைக்காக நடக்கும் ஆநிரைப் பூசலிலோ ஊருக்காக உயிர்விட்டவனுக்கு ஊரே எடுத்த நினைவுச்சின்னம் நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ் பிராமி என்னும் பழந்தமிழ் எழுத்துள்ள நடுகற்கள், இந்த வழக்கம் கிறித்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே இங்கு வேரூன்றியிருந்ததைக் காட்டின. அவற்றுள் ஒன்றில் ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ‘ஆகோள்’ என்ற சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது. பல்லவர் காலத்து நடுகற்கள் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்திலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் செறிந்து காணப்படுகின்றன. இவற்றுள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றவை சிலவே. எஞ்சியவை வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் சாலையோரப் புளியமரத்தடியிலும், ஊராரின் நினைவையும் வழிபாட்டையும் மட்டுமே காவலாகக் கொண்டு நிற்கின்றன.

அத்தகைய கல் ஒன்று தம் ஊரில் நிற்பதை அறிந்து, அதற்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணுகிற ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், பூசாரி, இளைஞர் ஆகியோருக்காக இந்த வழிமுறைகள் எழுதப்படுகின்றன. இவற்றின் அடிப்படை ஒன்றுதான்: நடுகல் அது நட்ட இடத்திலேயே, அதை வழிபடும் ஊராரின் கையிலேயே காக்கப்பட வேண்டும், அதற்கு முதல் தேவை பணமோ கட்டடமோ அன்று, முறையான பதிவு. பதிவு இருந்தால் சட்டம் துணைக்கு வரும். பதிவு இல்லாத கல் காணாமற்போனால், அப்படியொரு கல் அங்கே இருந்தது என்பதையே மெய்ப்பிக்க முடியாது.

கல்லை அடையாளம் காணுதல்

ஊரார் இதை நடுகல் என்று அழைக்கமாட்டார்கள் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வணங்கப்படுகின்றன. வேறு இடங்களில் வீரக்கல், வீரன் கோயில், பட்டவன், புலிக்குத்திக் கல் என்று பெயர்கள் மாறும். ஆகவே “இங்கே நடுகல் உண்டா” என்று கேட்பதைவிட, “ஆள் உருவம் செதுக்கிய பலகைக்கல் எங்கேனும் நிற்கிறதா, அதற்கு யார் படையல் போடுகிறார்கள்” என்று மூத்தவர்களிடம் கேட்பது பயன் தரும். ஆடு மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரியாத கல் பெரும்பாலும் இருக்காது.

கல்லில் வீரன் வில், வாள், குறுவாள், கேடயம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றையோ இரண்டையோ ஏந்தி, பெரும்பாலும் ஒரு பக்கமாகப் பாயும் நிலையில் இருப்பான். உடலில் அம்பு தைத்திருக்கலாம். அருகில் மாடுகள் சிறிதாகச் செதுக்கப்பட்டிருக்கலாம். செங்கம் வட்டாரக் கற்களில் காலருகே கெண்டியும் (மூக்குள்ள நீர்க்கலம்) சிமிழும் (சிறு மூடிக்கலம்) காணப்படுவதுண்டு. கன்னட நாட்டை ஒட்டிய பகுதிகளில் கல் மூன்று அடுக்குகளாகப் பிரிந்து, கீழே போர், நடுவே தேவமகளிர் வீரனை விண்ணுக்கு அழைத்துச் செல்லுதல், மேலே அவன் இலிங்கத்தை வணங்குதல் என்று அமைந்திருக்கும். வளையலணிந்த கை ஒன்று தூணிலிருந்து நீள்வதாகச் செதுக்கியிருந்தால் அது கணவனோடு உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு எடுத்த சதிக்கல். சூலமோ சக்கரமோ மட்டும் இருந்தால், அது கோயில் நிலத்தின் எல்லைக்கல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி. இவையும் காக்கப்பட வேண்டியவையே என்றாலும், விண்ணப்பத்தில் எதை எதுவென்று எழுதுகிறோம் என்பதில் தவறு நேரக் கூடாது. ஐயமிருந்தால் ‘உருவம் செதுக்கிய பழங்கல்’ என்று எழுதினால் போதும், வகைப்படுத்துவதைத் தொல்லியலாளருக்கு விட்டுவிடலாம்.

எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் உருவத்தின் தலைக்கு மேலோ இரு பக்கங்களிலோ இருக்கும். பல்லவர் கால நடுகற்களில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தே மிகுதி; பழக்கமில்லாத கண்ணுக்கு அது கீறலாகவே தோன்றும். அரசனின் ஆட்சியாண்டில் தொடங்கி, ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்பது போன்ற தொடரில் முடிவது அவற்றின் பொதுவான நடை. தொறு என்பது மாட்டு மந்தை; பட்டான் என்பது இறந்தான் என்று பொருள்படும். இத்தகைய சில சொற்களே ஒரு கல்லின் வரலாற்றைத் திறந்துவிடக் கூடியவை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லை எண்ணிப் பாருங்கள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்பவனோடு, இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் தன் நாய்க்குச் செய்த சிறப்பு, அந்தச் சில வரிகள் அழியாமல் இருந்ததால் மட்டுமே நமக்குக் கிடைத்தது. ஒரு வாளி எனாமல் பெயிண்டும் ஒரு நாள் ஆர்வமும் அதை நிரந்தரமாக மறைத்துவிடப் போதுமானவையாக இருந்திருக்கும்.

தொடுவதற்கு முன் பதிவு

கல்லைக் கழுவவோ, புதர் வெட்டவோ, மண்ணை விலக்கவோ தொடங்குவதற்கு முன்னரே அது இருக்கும் நிலையில் அதைப் படமெடுக்க வேண்டும். சூழல் தெரியும்படி தொலைவிலிருந்து நான்கு திசைகளிலும், பின்னர் கல்லுக்கு நேர் எதிரே நின்று முழுமையாகவும், பின்புறமும் பக்கங்களும் தெரியும்படியும், கடைசியாக எழுத்துப் பகுதியை அண்மையிலும் எடுங்கள். ஒரு படத்திலேனும் அளவுகோல் ஒன்று கல்லின் அருகில் நிற்க வேண்டும்; மீட்டர் கோல் இல்லையென்றால் பள்ளிக்கூட அடிக்கோல்கூடப் போதும்.

எழுத்துகளைப் படமெடுப்பதற்கு நடுப்பகல் வெயில் உதவாது. காலைக் கதிரோ மாலைக் கதிரோ கல்லின் முகத்தில் சாய்வாக விழும்போது, மேலோட்டமான பொறிப்புகளும் நிழல் பிடித்துத் தெளிவாகத் தெரியும். கல் வடக்கு நோக்கியிருந்து கதிர் படாவிட்டால், இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தை ஏறத்தாழத் தொடும் கோணத்தில் பிடித்து, விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் வேறு திசைக்கு மாற்றி எடுங்கள். ஓர் எழுத்து இடப்பக்க வெளிச்சத்தில் மறைந்து வலப்பக்க வெளிச்சத்தில் வெளிப்படும். இத்தனை எளிய வழி இருக்கும்போது, எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பதும், மாவு தடவுவதும், கரியால் எழுத்தின் மேலேயே வரைவதும் தேவையற்றவை. அவ்வாறு வரைபவர் தாம் படித்ததாக நினைப்பதைக் கல்லின் மேல் ஏற்றிவிடுகிறார். பிறகு வருபவர் கல்லைப் படிப்பதில்லை, அந்தக் கரிக்கோட்டைத்தான் படிக்கிறார்.

ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றிப் படியெடுக்கும் முறையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். தாள் கிழிந்தால் மை கல்லில் ஊறிவிடும். அதற்கு மாற்றாக, செல்பேசியாலேயே கல்லைச் சுற்றி வந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை மீண்டும் உள்ளடக்கும்படி ஐம்பது அறுபது படங்கள் எடுத்து வைத்தால், பின்னாளில் அவற்றைக் கொண்டு கணினியில் முப்பரிமாண வடிவத்தை உருவாக்க முடியும். அந்த மென்பொருள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படங்கள் இருந்தால் போதும்.

படங்களோடு எழுதி வைக்க வேண்டியவை: ஊர், ஊராட்சி, வட்டம், மாவட்டம், புல எண் (சர்வே எண்), செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, தரைக்கு மேல் தெரியும் உயரம், அகலம், கனம், கல் நோக்கும் திசை, அருகிலுள்ள கல்வட்டம் (வட்டமாகக் கல் அடுக்கிய பழைய ஈமச்சின்னம்), பழங்கோயில், ஏரி, பழைய பாதை, தற்போதைய சேதங்கள், பதிவு செய்த நாள். இவற்றுக்கு இணையாக முக்கியமானது ஊரார் சொல்லும் கதை. யார் குலசாமி, எந்த மாதத்தில் படையல், எந்தக் குடும்பம் முதல் மரியாதை பெறுகிறது, அந்த வீரன் எப்படி இறந்தான் என்று சொல்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். கல்வெட்டுச் சொல்வதும் கதை சொல்வதும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தாதீர்கள்.

இந்தக் கல் ஏற்கெனவே அறியப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களுக்கெனத் தனி நூலையும், மாவட்ட வாரியான கல்வெட்டுத் தொகுதிகளையும் வெளியிட்டிருக்கிறது. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழில் ஆண்டுதோறும் புதிய கண்டுபிடிப்புகள் அச்சாகின்றன. அறியப்பட்ட கல்லாக இருந்தால் பழைய வாசகத்தையும் படத்தையும் இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, என்ன இழந்திருக்கிறோம் என்று காட்ட முடியும். அதைவிட வலுவான விண்ணப்பம் வேறில்லை.

நிலம் யாருடையது

நடுகல் நிற்கும் நிலத்தின் உரிமையைத் தெளிவாக்காமல் எடுக்கும் எந்த முயற்சியும் பாதியில் நின்றுவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நில வகையும் உரிமையும் குறித்த பதிவேடு) புலப்படத்தையும் பார்த்து, அந்தப் புல எண் பட்டா நிலமா, எந்த வகைப் புறம்போக்கு, அறநிலையத் துறைக் கோயிலுக்கு உரியதா என்பதை உறுதி செய்யுங்கள். பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரை எதிராளியாக நினைத்து அணுகக் கூடாது. தம் நிலம் முழுவதும் பறிபோய்விடும் என்ற அச்சத்தில்தான் சிலர் இரவோடு இரவாகக் கல்லை அகற்றுகிறார்கள். கல்லும் அதைச் சுற்றிச் சில அடி இடமும், அங்கு சென்றுவர ஒரு வழியும் மட்டுமே வேண்டப்படுகிறது என்பதை எழுதிக் காட்டி, அவர் ஒப்புதலையும் எழுத்தில் பெறுங்கள். அவருடைய முன்னோர் இத்தனை காலம் அந்தக் கல்லை விட்டு உழுதிருக்கிறார்கள் என்பது பெருமைக்குரிய செய்தி. அதை அவரிடமே சொல்லுங்கள்.

கிராம சபைத் தீர்மானமும் விண்ணப்பமும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதில் நிறைவேறும் தீர்மானம் தனிமனிதரின் கோரிக்கையை ஊரின் கோரிக்கையாக்கும். வாசகம் இவ்வாறு அமையலாம்:

“எங்கள் ஊராட்சி எல்லைக்குள் இன்ன புல எண்ணில் நிற்பதும், ஊராரால் இன்ன பெயரில் வழிபடப்படுவதுமான நடுகல் இவ்வூரின் தொன்மைச் சின்னம் என்பதால், அதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்வதெனவும், அத்துறையின் எழுத்துமூல ஒப்புதலின்றி அக்கல்லை அகற்றவோ, இடம் மாற்றவோ, வண்ணம் பூசவோ, அதைச் சுற்றிக் கட்டுமானம் எழுப்பவோ கூடாதெனவும், வழக்கமான வழிபாடு தொடர வேண்டுமெனவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது.”

கடைசித் தொடரை விட்டுவிடாதீர்கள். அரசு பொறுப்பேற்றால் படையல் நின்றுவிடும் என்ற வதந்தி எழுந்தால் ஊர் இரண்டாகும். தீர்மானத்திலேயே அது தெளிவாக இருந்தால் வதந்திக்கு இடமில்லை.

விண்ணப்பத்தைச் சென்னையிலுள்ள தொல்லியல் துறை ஆணையருக்கு எழுதி, படிகளை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் அனுப்புங்கள். தீர்மானத்தின் படி, பதிவுக் குறிப்பு, தேர்ந்தெடுத்த படங்கள், புலப்படம், நில உரிமையாளரின் ஒப்புதல் ஆகியவை இணைப்பாக இருக்க வேண்டும். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் முடிவது நல்லது; ஊரின் பழம்பெருமையை விரித்துரைக்கும் நீண்ட முன்னுரை, கோரிக்கை என்ன என்பதை மறைத்துவிடும். ஆபத்து ஏதேனும் உடனடியாக இருந்தால், சாலை விரிவாக்கமோ கல்குவாரியோ எதுவாயினும், அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டால், விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

சட்டம் தரும் காவல்

மூன்று சட்டங்களை அறிந்திருந்தால் போதும். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்; மாநில அரசு அறிவிக்கும் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம்; பெயர்த்தெடுக்கக்கூடிய தொல்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம். ஊர் நடுகல்லுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இரண்டாவது. அரசு முதலில் தன் எண்ணத்தை அறிவித்து, மறுப்புகளைக் கேட்டு, பின்னரே இறுதி அறிவிக்கையை வெளியிடும். ஆகவே இந்த இடைக்காலத்தில் ஊரில் கருத்து வேற்றுமை இருந்தால் அது முறையாகப் பேசித் தீர்க்கப்பட வேண்டும்.

சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்டுமானம் என்ற விதியைக் கேள்விப்பட்டு ஊரார் அஞ்சுவது இயல்பு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த அந்த விதி மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களுக்கு உரியது. உங்கள் கல்லுக்கு என்னென்ன கட்டுப்பாடுகள் பொருந்தும் என்பதை மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். அச்சத்தை மறைப்பதைவிட, உண்மையை முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

அறிவிக்கை வெளிவரும்வரை கல் காவலற்று நிற்கிறது என்று பொருளில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். கல் களவு போனால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் உடனே புகார் அளித்து, சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். அப்போது அளவும் படமும் கொண்ட பதிவு உங்கள் கையில் இருந்தால், எங்கோ ஒரு கிடங்கில் அகப்படும் கல் உங்கள் ஊர்க் கல்தான் என்று அடையாளம் காட்ட முடியும்.

நடுகல்லின் அடியில் புதையல் இருக்கிறது என்ற பேச்சைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இந்த நம்பிக்கையால் வேரோடு பெயர்க்கப்பட்டுக் கிடக்கும் கற்கள் பல. நடுகல்லின் அடியில் பொன் வைக்கும் மரபு இல்லை. ஆனால் அதன் அடிமண் தொல்லியல் சான்று. மேலும், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய எது கிடைத்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் ஊரில் பரவலாகச் சொல்லி வையுங்கள்.

வழிபாடும் எண்ணெயும்

சங்கப் பாடல்களே நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டியதையும் கள் படைத்ததையும் சொல்கின்றன. வழிபாடு பின்னர் வந்து ஒட்டிக்கொண்டதன்று. கல் நடப்பட்டதே வழிபடுவதற்காகத்தான். எத்தனையோ கற்கள் அம்மிக்கும் படிக்கட்டுக்கும் மதகுப் பலகைக்கும் போகாமல் தப்பியது, அது சாமி என்று ஊர் நம்பியதால்தான். எனவே பாதுகாப்பின் பெயரால் பூசையை நிறுத்தச் சொல்பவர், அந்தக் கல்லின் முதற்காவலரையே விலக்கிவிடுகிறார்.

அதே வேளையில் எண்ணெய்க் காப்பு கல்லின்மேல் பிசினாகப் படிந்து, தூசியைப் பிடித்து, ஆண்டுக்கு ஆண்டு தடித்து, எழுத்தை மூடிவிடுகிறது. மஞ்சளும் குங்குமமும் அந்தப் பிசினோடு சேர்ந்து இறுகிவிடுகின்றன. இதைப் பூசாரியோடு அமர்ந்து, கட்டளையாக இல்லாமல் வேண்டுகோளாகப் பேசுங்கள். கல்லின் முன் தட்டையான கல் ஒன்றை வைத்துப் படையலையும் விளக்கையும் அதன்மேல் வைப்பது, எண்ணெயைக் கல்லில் பூசாமல் விளக்கில் ஊற்றுவது, நீராட்டுவதற்கு வெறும் நீரைப் பயன்படுத்துவது, பொட்டு வைப்பதை எழுத்தில்லாத ஓரிடத்துக்கு ஒதுக்குவது ஆகியவற்றை மனமுவந்து ஏற்கும் பூசாரிகள் உண்டு. மாலையும் வேட்டியும் கல்லுக்குத் தீங்கு செய்வதில்லை. ஈரத்துணியை நாட்கணக்கில் கட்டி வைக்காமல் இருந்தால் போதும். எழுத்தில் இருப்பது அந்த வீரனின் சொந்தப் பெயர் என்பதைப் படித்துச் சொல்லிவிட்டால், அதை மறைக்க ஊராருக்கே மனம் வராது.

தூய்மை, மேடை, கூரை

கருங்கல்தானே, என்ன செய்தாலும் தாங்கும் என்ற எண்ணம் தவறு. பல நூற்றாண்டு வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு உதிரும் நிலையில் இருக்கும். எழுத்தோ அந்த மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. ஒட்டியிருக்கும் மண்ணையும் பறவை எச்சத்தையும் தூய நீரில் நனைத்து, மென்மையான தூரிகையால் மெல்ல நீக்கலாம். ஊரார் செய்யக்கூடிய தூய்மை அவ்வளவுதான். கம்பித் தூரிகை, அமிலம், பிளீச்சிங் பவுடர், சோப்புத்தூள், அழுத்த நீர்ப்பீய்ச்சி, மணல் வீச்சு ஆகிய எதையும் பயன்படுத்தக் கூடாது. கல்லில் படர்ந்த கற்பாசியைச் சுரண்டினால் அதனோடு கல்லின் தோலும் வரும். பழைய பெயிண்ட், எண்ணெய்ப் பிசின், ஒட்டிய சிமெண்ட் ஆகியவற்றை நீக்குவது வேதியியல் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரின் வேலை. அவர் வரும்வரை அவற்றை அப்படியே விட்டுவைப்பதே நல்லது.

நல்லெண்ணத்தால் நேரும் சேதங்களுள் பெரியது சிமெண்ட் மேடை. கல்லின் அடிப்பகுதியைச் சுற்றிக் காங்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டினால், மண்ணிலிருந்து மேலேறும் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே ஏறி, உப்பைக் கொண்டுவந்து மேற்பரப்பில் படியவிட்டு, அதை உதிர்க்கும். கீழ்வரியில் எழுத்து இருந்தால் அது மேடைக்குள் புதைந்தும்போகும். பின்னாளில் அந்த மேடையை உடைக்காமல் கல்லை எடுக்க முடியாது. உடைத்தால் கல்லும் சேர்ந்து உடையும். தளம் வேண்டுமென்றால், கல்லைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் மண்ணை வெளிப்புறமாகச் சரித்து, மேலே மணலோ சரளையோ பரப்புங்கள். வேலி வேண்டுமென்றால் சற்றுத் தள்ளிக் குத்துக்கற்களை நடலாம். கூரை வேண்டுமென்றால் அதன் தூண்கள் கல்லைத் தொடாமலும், கூரையிலிருந்து வழியும் நீர் கல்லின் மேல் விழாமலும் இருக்க வேண்டும். தூணுக்குக் குழி தோண்டுவதற்கு முன் தொல்லியல் அலுவலரின் கருத்தைக் கேளுங்கள்.

அருகில் முளைக்கும் அரசு, ஆல், வேம்புக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே அகற்றுங்கள். பெரிய மரமாகிக் கல்லைத் தழுவி நிற்குமானால் வெட்டாதீர்கள். வேர் அழுகும்போது கல் சாயும். வயலோரக் கல்லாக இருந்தால், அறுவடைக்குப் பின் பயிர்த்தாள் எரிக்கும் நெருப்பு அதன் அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சூடேறிய கல் பாளமாக வெடித்துவிடும். அரிவாள் தீட்டுவதையும் துணி துவைப்பதையும் பக்குவமாகச் சொல்லி நிறுத்த வேண்டும்.

கல் உடைந்திருந்தால் துண்டுகள் அனைத்தையும் ஒன்றாக, அதே இடத்தில், உருவம் மேல்நோக்கியபடி வைத்துப் படமெடுங்கள். சிமெண்டாலோ பசையாலோ ஒட்ட வேண்டாம். தவறாக ஒட்டியதைப் பிரிப்பது, உடைந்ததைச் சேர்ப்பதைவிடக் கடினம். சாய்ந்த கல்லை ஜேசிபி கொண்டு நிமிர்த்துவதையும் தவிர்க்க வேண்டும். இரும்புக் கையின் ஒரு தட்டு போதும், ஆயிரம் ஆண்டுக் கல் இரண்டாவதற்கு.

இடம் பெயர்க்க நேர்ந்தால்

சாலை விரிவாக்கத்திலோ நீர்த்தேக்கத்திலோ கல் அகப்பட்டு, பாதையை மாற்ற எந்த வழியும் இல்லை என்று உறுதியான பிறகே இடமாற்றத்தை எண்ணலாம். அப்போதும் எழுத்துமூல ஆணை இல்லாமல், தொல்லியல் துறையினர் முன்னிலையில் இல்லாமல் கல்லை அசைக்க விடாதீர்கள். கல் நின்ற ஆழம், நோக்கிய திசை, அடியில் இருந்த மண்ணின் தன்மை ஆகியவை குறித்துக்கொள்ளப்பட வேண்டும். புதிய இடம் அதே ஊர் எல்லைக்குள், முடிந்தால் பழைய இடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் அமைந்து, கல் அதே திசையை நோக்கி நடப்பட வேண்டும். அருங்காட்சியகங்கள் பல கற்களைக் காப்பாற்றியிருக்கின்றன என்பது உண்மை; தருமபுரியில் அவ்வாறு திரட்டி வைத்திருப்பதைக் காணலாம். ஆயினும் எந்த மந்தைவெளியைக் காக்க ஒருவன் விழுந்தானோ, அந்த வெளியில் நிற்கும்போதுதான் கல்வெட்டு சொல்லும் ஊர்ப்பெயரும் திசையும் பொருள்படுகின்றன. அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

சுவரில் பதித்த பெரும்போர்ப் பலகைகள்

சில ஊர்களில் இன்னொரு வகை வீரக்கல்லும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேய அரசு பதித்த பலகைகளில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற செய்தி ஆங்கிலத்தில் எண்ணிக்கையாக மட்டும் இருக்கும், பெயர்கள் இரா. இவையும் இப்போது நூறு ஆண்டைக் கடந்துவிட்டன. சாவடி, பள்ளிக்கூடம், பழைய அலுவலகம் ஆகியவற்றின் சுவரில் பதிந்திருப்பதால், இவற்றுக்குப் பெரும் ஆபத்து கட்டடத்தை இடிக்கும் நாளில்தான் வருகிறது. ஆகவே பழுதடைந்த அரசுக் கட்டடம் உங்கள் ஊரில் இடிபட இருந்தால், ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே பலகையைப் படமெடுத்து, அதை முழுதாகப் பெயர்த்து அதே இடத்தில் எழும் புதுக் கட்டடத்தில் பதிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்க்குமாறு ஊராட்சி எழுத வேண்டும். பலகை சலவைக்கல்லாக இருந்தால் புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்கக் கூடாது. புளிப்பு சலவைக்கல்லை அரிக்கும். இறந்தவர்களின் பெயர்களைத் தேட விரும்புவோர், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் கட்டணமின்றித் தந்திருக்கும் பட்டியலில் தொடங்கலாம். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவாறு மாறியிருக்கும் என்பதால் ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடக் கூடாது.

அறிவிப்புப் பலகையும் ஆண்டுப் பதிவும்

நடுகல்லின் அருகில் வைக்கும் பலகையைக் கல்லிலிருந்து சில அடி தள்ளி, உருவத்தை மறைக்காத பக்கத்தில் நடுங்கள். கல்லில் ஆணியடிக்கவோ எழுதவோ கூடாது. பலகையில் ஊரார் வழங்கும் பெயர் முதலிலும், கல்லின் காலமும் கல்வெட்டு வாசகமும் அடுத்தும், அதன் பொருள் இன்றைய தமிழில் அதன் கீழும், எண்ணெய் பூசவும் வண்ணம் தீட்டவும் வேண்டாம் என்ற வேண்டுகோள் கடைசியிலும் இருந்தால் போதுமானது. உறுதிப்படாத காலத்தைப் பலகையில் எழுதாதீர்கள்; வல்லுநர் படித்துச் சொல்லும்வரை ‘பழங்கால நடுகல்’ என்பது போதும். கொடையாளர்களின் பெயர்களைச் சேர்க்க விரும்பினால் பலகையின் பின்புறத்தில் எழுதலாம். முன்புறம் அந்த வீரனுக்கு உரியது.

ஆண்டுக்கு ஒருமுறை, படையல் நாளுக்கு முந்தைய நாளில், முதல் ஆண்டு நின்ற அதே இடங்களில் நின்று மீண்டும் படமெடுத்து, பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். புதிய வெடிப்பு, சாய்வு, வண்ணம், அருகில் புதிதாக ஊன்றிய நில அளவைக் கல் என்று எது தென்பட்டாலும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள். கோப்பின் ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்று ஊர்ப் பள்ளியிலும், ஒன்று பூசாரி வீட்டிலும் இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சிச் செயலரோ மாறி வரும்போது, அவர் பொறுப்பேற்கும் முதல் மாதத்திலேயே அவரைக் கல்லிடம் அழைத்துச் சென்று காட்டி, கோப்பின் படி ஒன்றைக் கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள்.